அளக்கும் முன் துடையுங்கள்: றைபிள் அறையை அளக்கத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நோர்வேயிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேராவது ஒவ்வோர் ஆண்டும் கோண்டாவிலில் உள்ள என் வீட்டு விறாந்தையில் வந்து இருந்து, குறிபார்த்துச் சுடும் விளையாட்டைப் பற்றியும் அதற்கான ரவைகளை, அதாவது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதில் வெடிமருந்தும் சன்னம் என்ற பறக்கும் முனையும் மீண்டும் வைத்து, கையால் நிரப்பும் முறையைப் பற்றியும் கேட்பார்கள். நான் அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர்ச் சூட்டுக் கழகம் ஒன்றில் உறுப்பினனாக இருந்தவன். சென்ற ஆண்டு வந்த என் மருமகன், தன் 6.5×55 (6.5 மில்லிமீற்றர் குழல், 55 மில்லிமீற்றர் நீளக் கோது) றைபிளுக்கு வழக்கமான அளவிலேயே ரவை நிரப்பியும் இப்போது, ரவை அமரும் அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ற்றை மூடும்போது இறுகுகிறது என்றும், சுடாமல் வெளியே எடுத்த ரவையின் சன்னத்தைச் சுற்றிக் கீறல் விழுந்திருக்கிறது என்றும் சொன்னான். அவனுடைய குறிப்பேட்டைப் பார்த்தேன். ஒவ்வோர் அளவும் ஐந்து தடவை எடுத்து எழுதப்பட்டிருந்தது. குறை சொல்ல எதுவும் இல்லை. அறைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள தொண்டையை எப்போது தனியாகத் துடைத்தாய் என்று கேட்டேன். குழலைத் துடைப்பதுண்டு, தொண்டையைத் தனியாகத் துடைத்ததே இல்லை என்றான்.

அவன் திரும்பிப் போய்த் தொண்டையிலிருந்த கரி வளையத்தைக் கரைத்து எடுத்தபின் மீண்டும் அளந்தபோது, சன்னம் குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய புரியைத் தொடும்போது ரவைக்கு இருக்கும் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் கூடிவிட்டது. இரும்பு வளரவில்லை, முன்பு அளந்தபோது அவன் அளந்தது கரியைத்தான். ஆகவே சுத்தம் செய்வதையும் அளப்பதையும் இரண்டு வேலைகளாகப் பிரித்துச் சொல்லும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. இக்கட்டுரை இரண்டையும் ஒரே வேலையாகவே எடுத்துக்கொள்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் நடைமுறையில் உள்ளன. அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கோ ரவையோ வெடிமருந்தோ வைத்திருப்பது குற்றமாகும். யாழ்ப்பாணத்து வீடொன்றில் ரவை நிரப்பிப் பார்க்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். காணியைக் கொத்தும்போதும் கிணறு இறைக்கும்போதும் பழைய ரவைகள் அகப்பட்டால் அவற்றைத் தொடாமல் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். அவற்றின் கோதைச் சேகரிக்கும் எண்ணமும் கூடாது. துவக்கு என்ற சொல்லே இந்த ஊரில் பலருக்கு நோவு தரும் சொல் என்பதை நான் மறக்கவில்லை. நான் எழுதுவது, நோர்வே, கனடா, சுவிற்சர்லாந்து போன்ற நாடுகளில் உரிய அனுமதியோடும் கழக உறுப்புரிமையோடும் இவ்விளையாட்டில் ஈடுபடும் எங்கள் பிள்ளைகளுக்காக. ஆனால் இதிலே ஒரு பகுதியை, அதுவும் மிகத் தேவையான பகுதியை, துவக்கு எதுவும் இல்லாமல் இங்கேயே பழகலாம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கையைப் பழக்குதல்

1956 இல் நோர்வேக்குப் போன குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரத்தின் முயற்சியால் உருவான சீநோர் நிறுவனத்தின் காரைநகர்ப் படகுத் தளத்தில், 1970களில், திருகுக் கணிச்சியை முதன்முதலாகப் பிடித்தவன் நான். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்கள் வேணியர் இடுக்கியையும் நுண்மானித் திருகுக் கணிச்சியையும் பாடசாலையிலேயே கண்டிருப்பார்கள். பாடசாலை வேணியரின் இழிவெண்ணிக்கை பெரும்பாலும் 0.1 மில்லிமீற்றர், பட்டறை வேணியரில் 0.02; திருகுக் கணிச்சியில் 0.01. இலக்கத்திரை உள்ள கருவிகள் 0.01 என்று காட்டினாலும், காட்டுவது வேறு, நம்பத்தக்கது வேறு. கருவியின் தாடைகளைத் துடைத்து மூடி, பூச்சிய வழுவைப் பார்த்து எழுதிய பின்னரே எதையும் அளக்க வேண்டும் என்று பாடசாலையில் சொன்னது இங்கே முழுமையாகப் பொருந்தும்.

தெரிந்த லேத் பட்டறை ஒன்றுக்குப் போய், புதிய துளையிடும் அலகு ஒன்றின் வழுவழுப்பான தண்டைப் பத்துத் தடவை அளந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கருவியை முழுமையாகத் திறந்து, பொருளைக் கீழே வைத்து, மீண்டும் எடுத்து அளக்க வேண்டும். பத்து அளவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 0.02 மில்லிமீற்றருக்குள் வரும்வரை பழகாத ஒருவர், அறையை அளந்து அதிலிருந்து 0.03 மில்லிமீற்றர் குறைப்பது என்ற பேச்சுக்கே வரக்கூடாது. பெரும்பாலோரிடம் பிழை கண்ணில் இல்லை, விரலின் அழுத்தத்தில் உள்ளது. திருகுக் கணிச்சியின் நுனியில் உள்ள சிறு திருகை 'கிளிக்' ஒலி கேட்கும்வரை திருப்புவதும், வேணியரில் பெருவிரலால் ஒரே அளவு அழுத்துவதும் பழக்கத்தால் மட்டுமே வரும்.

வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். நீள அளவுகளுக்கான நியம வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். ஒரு பாகைக்கு உருக்கு தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 11 அல்லது 12 பங்கும், பித்தளை ஏறத்தாழ 19 பங்கும் விரியும். 55 மில்லிமீற்றர் நீளமான பித்தளைக் கோது ஒன்று உள்ளங்கைச் சூட்டில் 10 பாகை ஏறினால் 0.01 மில்லிமீற்றர் நீண்டுவிடும். எனவே அளக்கப் போகும் கோதுகளையும் கருவியையும் ஒரே மேசையில் ஒரு மணித்தியாலம் விட்டுவைத்து, கோதை விரல் நுனியால் மட்டும் எடுத்து அளக்க வேண்டும்.

சில சொற்கள்

ரவை என்பது முழுத் தோட்டா. அதன் பித்தளை உடல் கோது. பறந்து செல்லும் முனை சன்னம். கோதில் அடி, உடல், தோள், கழுத்து என்ற பகுதிகள் உண்டு. குழலின் பின்னந்தலையில் ரவை அமரும் இடம் அறை. அறை முடிந்து புரிகள் தொடங்கும் குறுகிய இடைப்பகுதியே தொண்டை. புரிகளில் மேடும் தவாளிப்பும் மாறி மாறி வரும்; 6.5×55 இல் மேடுகளுக்கிடையிலான விட்டம் 6.50 மில்லிமீற்றர், சன்னத்தின் விட்டம் 6.71 மில்லிமீற்றர். அதாவது சன்னம் மேடுகளுக்கிடையில் பிதுங்கிக்கொண்டுதான் முன்னேறுகிறது. அது எந்த இடத்தில் முதன்முதலாக மேட்டைத் தொடுகிறது என்பதே நாம் அளக்க விரும்பும் முதன்மையான செய்தி. அந்த இடத்தில்தான் கரியும் படிகிறது.

சுத்தம் செய்தல்

போல்ற்றைக் கழற்றி, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, ரவை எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். வேலை செய்யும் மேசையில் ரவை ஒன்றும் இருக்கக் கூடாது. பிறகு, அறையில் பொருந்தும் வழிகாட்டிக் குழாயைச் செருகுங்கள். துடைக்கும் கோல் வளைந்து தொண்டையை உரசாமலும், கரைப்பான் பின்னால் வழிந்து விசைப்பொறிக்குள் போகாமலும் காப்பது இந்தக் குழாய்தான். கோலுக்குக் கொடுக்கும் காசைவிட இதற்குக் கொடுக்கும் காசு பெறுமதியானது என்பது என் எண்ணம். கோல் ஒரே துண்டாக, மேற்பூச்சு உள்ளதாக, பிடி தன்பாட்டில் சுழலக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்று துண்டாகத் திருகிப் பூட்டும் கோல்களின் மூட்டுகள் புரியைச் சுரண்டும்.

துடைப்பது எப்போதும் அறைப் பக்கத்திலிருந்து, சன்னம் வெளியேறும் குழல்வாய்ப் பக்கம் நோக்கியே நடக்க வேண்டும். வாய்விளிம்பு சிறிது தேய்ந்தாலும் குறி சிதறும். துணித்துண்டு வாயால் வெளியே வந்ததும் அதைக் கழற்றிவிட்டுக் கோலை மெதுவாகப் பின்னிழுங்கள். அழுக்கான துண்டை மீண்டும் உள்ளே இழுக்க வேண்டாம். துணிக்காக அலைய வேண்டியதில்லை. பலமுறை தோய்த்து மெதுவான பழைய பருத்தி வேட்டியைச் சதுரங்களாக வெட்டி வைத்தால் கடையில் வாங்கும் துண்டுகளுக்குச் சற்றும் குறையாது. நான் ஒஸ்லோவில் இருந்த காலம் முழுவதும் அம்மா இங்கிருந்து அனுப்பிய வேட்டித் துண்டுகளைத்தான் பயன்படுத்தினேன்.

குழலில் இரண்டு வகை அழுக்குகள் உண்டு: வெடிமருந்து எரிந்த கரியும், சன்னத்தின் மேலுறையிலிருந்து ஒட்டிய செப்பும். இவை அடுக்கடுக்காகப் படிவதால், முதலில் கரிக்கான கரைப்பானில் நனைத்த இரண்டு துண்டுகளை ஓட்டி, பத்து நிமிடம் பொறுத்து, தூரிகையைப் பத்துத் தடவை அளவில் முழு நீளமும் செலுத்தி, உலர்ந்த துண்டால் துடைக்க வேண்டும். தூரிகையைக் குழலின் நடுவில் திருப்ப முயலக் கூடாது. முழுதாக வெளியேறிய பின்னரே பின்னிழுக்க வேண்டும். அதன்பின் செப்புக்கான கரைப்பான். அது செப்பைத் தொட்டால் துணி நீலமாகவோ பச்சையாகவோ மாறும். துணியைத் தாங்கும் முனை பித்தளையாக இருந்தாலோ, தூரிகை வெண்கலமாக இருந்தாலோ அவையே நீல நிறத்தைக் கொடுத்து ஏமாற்றும். ஆகவே இந்தக் கட்டத்தில் நைலோன் தூரிகையும் செப்புக் கலவாத முனையும் வேண்டும். அமோனியா கலந்த கரைப்பான் என்றால் போத்தலில் குறித்த நேரத்துக்கு மேல் குழலில் விடாதீர்கள். யன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

இப்போது தொண்டை. கோதின் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒவ்வொரு சூட்டிலும் படியும் கரி வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகி, எனாமல் பூச்சைப் போன்ற வளையமாகிறது. குழலுக்குரிய தூரிகை இதன் மேலாக வழுக்கிப் போய்விடும். இதனால்தான் துணி வெள்ளையாக வெளிவந்தும் வளையம் அப்படியே இருக்கிறது. குழலின் அளவைவிட ஒரு படி பெரிய தூரிகையை, 6.5 க்கு 7 மில்லிமீற்றர்த் தூரிகையை, குறுகிய கோலில் பூட்டி, கரிக்கரைப்பானில் நனைத்து, அறை வழியாகத் தொண்டை வரை செலுத்தி, கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். பதினைந்து நிமிடம் ஊறவிட்டு மீண்டும் செய்யுங்கள். மின்துளைப்பானில் பூட்டிச் சுழற்ற வேண்டாம். இன்று குறைந்த விலையில் கிடைக்கும் மெல்லிய கமெராவைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தால், வளையம் இருக்கிறதா போய்விட்டதா என்பதில் ஐயம் இராது. தேய்க்கும் பசைகள் கடைசி வழி. அவை கரியோடு உருக்கையும் தேய்க்கும்.

இறுதியில் அறையை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து எடுக்க வேண்டும். சுடும் கணத்தில் கோது விரிந்து அறையின் சுவரைப் பற்றிக்கொள்வதால்தான் பின்னுதைப்பின் ஒரு பங்கு போல்ற்றில் விழாமல் தடுக்கப்படுகிறது; அறையில் எண்ணெய் இருந்தால் கோது வழுக்கி, முழு உதைப்பும் போல்ற்றில் இறங்கும். நீண்டநாள் வைப்பதற்காக எண்ணெய் பூசியிருந்தாலும், சுடும் முன் அறையும் குழலும் உலர்ந்திருக்க வேண்டும்.

பழைய இராணுவ ரவைகளைச் சுடுபவர்களுக்கு மட்டும் ஒரு சொல். அவற்றில் பலவற்றின் பிறைமரில் (கோதின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில்) பொற்றாசியம் குளோரேற்று உண்டு. எரிந்தபின் அது உப்பாகக் குழலில் தங்கி ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். இந்த உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அன்றைக்கே கொதிநீரால் கழுவி, உலர்த்தி, அதன்பின் எண்ணெய் பூச வேண்டும். கடலேரிக் காற்றில் ஒரு மழைக்காலத்தில் கதவுக் கொளுக்கி என்ன ஆகிறது என்று அறிந்த எங்கள் ஊரவருக்கு உப்பின் வேலையை விளக்கத் தேவையில்லை.

அளத்தல்

சுத்தம் முடிந்தபின் முதலில் பார்க்க வேண்டியது ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ற்றின் முகத்திலிருந்து அறையின் தோளில் குறித்த விட்டமுள்ள இடம் வரையான தூரம். இதற்கென உருக்கில் செய்த இரண்டு கட்டைகள் உண்டு: ஒன்றில் போல்ற் மூட வேண்டும், மற்றதில் மூடக் கூடாது. 308 வின்செஸ்ரருக்கு முதலாவது 1.630 அங்குலம், இரண்டாவது 1.634 அங்குலம், மில்லிமீற்றரில் 41.40 உம் 41.50 உம். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் அடங்குகிறது. சுடுமுள்ளையும் கோது தள்ளியையும் கழற்றிவிட்டு, இரண்டு விரலால் மட்டும் போல்ற்றை இறக்கிப் பாருங்கள். பலம் கொடுத்து மூடினால் எந்தக் கட்டையிலும் மூடும். மூடக் கூடாத கட்டையில் மூடினால், துவக்கைச் சுடாமல் துவக்குத் திருத்துநரிடம் கொண்டுபோக வேண்டும்.

கட்டை சொல்வது பாதுகாப்பு எல்லையை. உங்கள் அறையின் உண்மையான நீளத்தைச் சொல்வது அதில் சுட்ட கோது. தோளில் பொருந்தும் துளையுள்ள ஒப்பளவுத் துண்டை வேணியரின் தாடையில் பூட்டி, பழைய பிறைமரை நீக்கிய ஐந்து கோதுகளை அளந்து எழுதுங்கள். பிறைமரை நீக்காமல் அளந்தால் அது சற்றே துருத்திக்கொண்டு அளவைக் கூட்டிவிடும். பின்பு, சுட்டபோது விரிந்த கோதை மீண்டும் சுருக்கி மறுவடிவாக்கும் அச்சைச் சிறிது சிறிதாக இறக்கி, தோள் 0.03 முதல் 0.05 மில்லிமீற்றர் வரை மட்டும் பின்தள்ளப்படும்படி அமைக்க வேண்டும். அச்சை அடிவரை இறக்கிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழைகளில் மிகப் பொதுவானது. அப்படிச் செய்தால் கோது ஒவ்வொரு சூட்டிலும் தேவைக்கு மேல் நீண்டு, அடிக்குச் சற்று மேலே உட்புறம் மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும். நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கோதுக்குள் விட்டு உட்சுவரை வருடிப் பார்த்தால், மெலிந்த இடம் பள்ளமாகக் கையில் தட்டுப்படும். அந்தக் கோதை நசுக்கி எறியுங்கள்.

கோதின் முழு நீளமும் பார்க்கப்பட வேண்டும். 6.5×55 இல் அது 55.00 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கோதின் வாய் அறையின் முடிவில் முட்டிச் சன்னத்தை நெரிக்கும். அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். கழுத்தின் விட்டமும் அப்படியே: ரவை நிரப்பியபின் கழுத்தின் வெளிவிட்டம், அதே அறையில் சுட்ட கோதின் கழுத்தைவிட 0.05 மில்லிமீற்றராவது குறைந்திருக்க வேண்டும்.

அடுத்தது தொண்டை. விலை கூடிய கருவி இல்லாமலே இதை அளக்கலாம். வெற்று அறையில் போல்ற்றை மூடி, தட்டையான முனையுள்ள கோலைக் குழல்வாய் வழியாக மெதுவாக இறக்குங்கள். கோல் வாயை உரசாதபடி அங்கேயும் ஒரு வழிகாட்டி தேவை. கோல் போல்ற்றின் முகத்தில் முட்டியதும், வாய்விளிம்பின் மட்டத்தில் கோலில் ஒட்டிய தாளில் கூரிய பென்சிலால் கோடு போடுங்கள். பின்பு போல்ற்றைக் கழற்றி, தனிச் சன்னம் ஒன்றை அறை வழியாகத் தொண்டையில் விட்டு, மெல்லிய மரக்குச்சியால் பின்னிருந்து இலேசாகப் பிடித்தபடி, கோலைச் சன்னத்தின் நுனி வரை இறக்கி இரண்டாவது கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரமே, அந்தச் சன்னம் மேட்டைத் தொடும் ரவையின் முழு நீளம். ஐந்து தடவை செய்யுங்கள். ஐந்தும் 0.1 மில்லிமீற்றருக்குள் வராவிட்டால் ஒன்றில் குச்சியை அதிகம் அழுத்துகிறீர்கள், அல்லது தொண்டை இன்னும் சுத்தமாகவில்லை.

இந்த அளவு அந்தச் சன்னத்துக்கு மட்டும் உரியது. ஒரே எடையுள்ள வேறு சன்னத்தின் முனை வேறு வளைவில் இருந்தால் அது வேறிடத்தில் மேட்டைத் தொடும். ஒரே பெட்டியில் உள்ள சன்னங்களின் நுனிகளே சமமாக இருப்பதில்லை என்பதால், நுனியிலிருந்து அளப்பதை விட்டு, வளைவில் பொருந்தும் ஒப்பளவுத் துண்டால் அளந்து எழுதுவதே நிலையானது. தொடங்குபவர், தொடும் நீளத்தைவிட 0.5 மில்லிமீற்றர் குறைத்துச் சன்னத்தை அமர்த்தட்டும். மேட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் சன்னம் அழுத்தத்தைக் கூட்டும் என்பதால், தொடும் நீளத்தில் தொடங்கவே கூடாது. 6.5×55 ரவைக்கு ஐரோப்பிய நியமம் 80.00 மில்லிமீற்றரை உச்ச நீளமாகச் சொல்கிறது. றைபிளின் ரவைப் பெட்டியில் அடங்கும் நீளம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பெட்டி சொல்வதே முடிவு. வெடிமருந்தின் அளவைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது மருந்து உற்பத்தியாளர் வெளியிடும் அட்டவணையில், மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டிய விடயம்.

பழைய துவக்கு ஒன்றின் அறை எந்த வடிவில் வெட்டப்பட்டது என்றே தெரியாதபோது, அறையில் உலோகம் வார்த்துப் பார்ப்பதுண்டு. இதற்கான செரோசேஃப் என்ற கலப்புலோகம் 70 முதல் 88 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். தொண்டைக்கு அப்பால் துணியால் அடைத்து, உருக்கிய உலோகத்தை அறையில் ஊற்றி, இறுகியதும் அரை மணித்தியாலத்துக்குள் தட்டி எடுக்க வேண்டும். அப்போது அது சற்றுச் சுருங்கியிருக்கும். வார்த்து ஒரு மணித்தியாலத்தில் அறையின் சரியான அளவுக்கு வரும், அப்போதே அளக்க வேண்டும். நாட்கள் போனால் மேலும் விரியும். அதில் ஈயமும் கட்மியமும் உண்டு என்பதால் சமையல் பாத்திரத்தில் உருக்காதீர்கள், கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

குறிப்பேடு

திகதி, அதுவரை சுட்ட மொத்தச் சூடுகள், கடைசியாகக் குழலையும் தொண்டையையும் துடைத்த நாள், சன்னத்தின் வகை, ஐந்து அளவுகள், அவற்றின் சராசரி ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். தொண்டை சூட்டின் வெப்பத்தால் அரிக்கப்பட்டு முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். முந்நூறு சூடுகளுக்கு ஒருமுறை அளந்தால் அந்த நகர்வு குறிப்பேட்டில் தெளிவாகத் தெரியும். தொடும் நீளம் கூடிக்கொண்டு போனால் அது தேய்மானம். குறைந்திருந்தால், உருக்கு பின்னோக்கி வளராது ஆகையால், அங்கே கரி இருக்கிறது. மருமகனின் குறிப்பேட்டிலும் இந்தக் குறைவு இரண்டு பக்கங்களுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. துடைத்த நாளுக்கு அவன் பத்தி ஒதுக்காததால் அது கண்ணில் படவில்லை.

நன்றாகத் துடைத்த குழலில் முதல் இரண்டு மூன்று சூடுகள் வழக்கமான இடத்தில் விழாமல் போகலாம். அவற்றை வைத்துக் குறியைத் திருத்தாமல், எங்கே விழுந்தன என்பதை மட்டும் அதே வரியின் முடிவில் எழுதிவிட்டு நான்காவது சூட்டிலிருந்து கணக்கிடுங்கள்.